நாய்க்கூண்டு: உண்டு

சில்வர் மெஸ்கீட் வளாகத்தில் குடியேற இரண்டு வயது வரம்புகள் உண்டு. மனிதர்கள் ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டும். வண்டிகள் பத்துக்குக் கீழ் இருக்க வேண்டும். லோரீன் ப்ரூயிட்டுக்கு அறுபத்து மூன்று. அவள் கணவன் டெல்மருக்கு அறுபத்தாறு. வாங்கலாமா வேண்டாமா என்று இருவரும் யோசித்துக்கொண்டிருந்த மோட்டார்ஹோமுக்கு, உள்ளேயே குடியிருக்கும் அந்த வீட்டு வண்டிக்கு, ஒன்பதே முக்கால். ஆனால் வண்டி கைமாறினால் அதன் வயதை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணலாம் என்று விதிப் புத்தகத்தின் பதினான்காம் பக்கம் சொன்னது. மனிதர்களுக்கு அப்படி ஏதும் சலுகை இருக்கிறதா என்று லோரீன் தேடிப் பார்த்தாள். இல்லை.

அயோவாவில் இருந்த வீட்டை விற்றாயிற்று. அவள் அப்பா கட்டிய வீடு. அதனால் பணம் அவள் பெயரில் வங்கியிலும், காசோலைப் புத்தகம் அவள் கைப்பையிலும் இருந்தன. வளாகத்தில் அவர்கள் தங்கியிருந்த வாடகை அறை மார்ச் முப்பத்தொன்று வரைதான். அதற்குள் ஒரு வண்டியை வாங்கி, வளாகத்தின் சம்மதத்தையும் வாங்கி, ஒரு மனையில் நிறுத்தியாக வேண்டும். தவறினால் தலைக்கு மேல் கூரை இல்லை.

வண்டி நாற்பத்தேழாம் மனையில் நின்றது. உரிமையாளர் ஹோரஸ் டாக்கெட். எழுபது வயது, அளவுக்கு மீறி இஸ்திரி போட்ட சட்டை. வண்டிக்குப் பத்து வயதாகும் முன் அதை விற்றுவிட்டு வளாகத்தின் அறை ஒன்றுக்கு மாறப் போவதாகச் சொன்னார்.

"பின் என்ஜின் வண்டின்னா இதுக்கு மூணு மடங்கு விலை, கண்ணு," என்றான் டெல்மர். "இது முன் என்ஜின் டீசல். லாரி மாதிரி. எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பான்."

"லாரி மாதிரின்னு நீயே சொல்றே."

"உனக்கு லாரி புதுசா? பதினேழு வயசுல உங்க அப்பாவோட சோள லாரியை ஓட்டினவதானே நீ."

அது உண்மை. அதை அவன் இன்னும் நினைவில் வைத்திருந்தது அவளுக்கு வியப்பாக இருந்தது.

வண்டிக்குள் ஏறும் கதவின் அருகே ஒரு கொக்கியில் நாய்வார் தொங்கியது. தோல் புத்தம் புதிதாக இருந்தது.

"நாய் இருக்கா?" என்று கேட்டான் டெல்மர்.

"பதிவுல இருக்கு," என்றார் ஹோரஸ்.

டெல்மர் சிரித்தான். ஹோரஸ் சிரிக்கவில்லை.

"வீட்டுக்காரம்மா?" என்று லோரீன் கேட்டாள்.

"ஐனா நிலுவையில இருக்கா."

பெரிய ஆஸ்பத்திரிகளில் இப்படி ஏதாவது சொல்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, லோரீன் வருத்தமாகத் தலையை ஆட்டினாள்.

கிளம்பும்போது ஹோரஸ் படியில் நின்று சொன்னார்: "நல்லாப் பாருங்க. குனிஞ்சு பாருங்க, கீழ படுத்துப் பாருங்க. ஆனா யாரையும் எதையும் எழுத மட்டும் விடாதீங்க."

எழுதாமல் முடியாது. மனைக்கு விண்ணப்பிக்கும்போது, வண்டியைப் பரிசோதித்தவரின் அறிக்கை ஒரு பிரதி வைக்க வேண்டும். எண்பது மைல் தள்ளியிருந்து ஒரு பரிசோதகர் வந்தார். முட்டியில் பஞ்சு வைத்துத் தைத்த கால்சட்டை போட்ட, நேர்மையான மனிதர். வண்டியை நெடுஞ்சாலைப் பக்கம் ஓட்டிப் பார்த்தார்கள். டெல்மர் ஓட்டினான், லோரீன் பக்கத்து இருக்கையில். இருவருக்கும் நடுவே, இடுப்பு உயரத்துக்கு, என்ஜினை மூடிய மேடு. அந்த மேட்டுக்கு அங்கத்து ஓட்டுநர்கள் வைத்திருக்கும் பெயர் நாய்க்கூண்டு. ஏன் அந்தப் பெயர் என்று யாரும் கேட்பதில்லை. என்ஜின் அதற்குள் உறுமியது. கால் பக்கம் சூடேறியது.

டெல்மர் எதையோ சொல்லிக்கொண்டே ஓட்டினான். இருபது நிமிடம். கையை ஆட்டி, மலையைக் காட்டி, இடையில் ஒருமுறை சிரித்து. ஒரு சொல்கூட அவளுக்குக் கேட்கவில்லை. பதில் வராததை அவன் கவனித்ததாகவும் தெரியவில்லை. முப்பத்தெட்டு வருடமாக நடப்பதுதான் இது, இப்போது ஒரு காரணம் கிடைத்திருக்கிறது, அவ்வளவே என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நினைப்பில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதிதான் அவளைப் பயமுறுத்தியது.

பின்னாலிருந்து பரிசோதகர் எட்டிக் கத்தினார்: "மேடம், இந்த வண்டில ஒண்ணு கத்திப் பேசணும், இல்லாட்டி பேசாமலே இருக்கணும். ரெண்டு வகை ஜோடியும் வாங்கியிருக்காங்க!"

அவர் எழுதிக் கொடுத்த அறிக்கையில் எல்லாம் நன்றாகவே இருந்தது. மூன்றாம் பக்கத்தில் மட்டும் இப்படி: *நாய்க்கூண்டு: உண்டு. ஓடும்போது சத்தம் அதிகம். உள்ளே சூடு. லேசான வாடை. ஓரத்தில் கடித்த தடம்.* கடித்தது எலி. அதை அவர் எழுதவில்லை. பாலைவனத்தில் வேறு எது கடிக்கும் என்று நினைத்திருப்பார்.

இரண்டு நாள் கழித்து அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். கிளார்க் க்ளெண்டா, கழுத்தில் சங்கிலி போட்ட மூக்குக் கண்ணாடி வழியாக மூன்றாம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விண்ணப்பத்துல நாய் இல்லைன்னு போட்டிருக்கீங்க."

"இல்லையே," என்றான் டெல்மர்.

"அறிக்கைல இருக்கே."

டெல்மர் விழுந்து விழுந்து சிரித்தான். "அம்மா, அது என்ஜின் மூடிம்மா! நாய்க்கூண்டுன்னு சொல்வாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு நல்லாவே தெரியும் சார். எங்க வீட்டுக்காரர் முப்பது வருஷம் ட்ரக் ஓட்டினவர்," என்றாள் க்ளெண்டா, குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல். "ஆனா ஃபைலுக்குத் தெரியாதே."

விண்ணப்பம் நிலுவைக்குப் போனது.

அந்த வளாகத்தில் எதிர்ப்படுகிறவர்களுக்குக் கையசைக்க வேண்டும் என்பது ஒன்பதாம் விதி. கோல்ஃப் வண்டியில் போகிறவர், சரளைக்கல்லை வாரிக்கொண்டிருக்கிறவர், பல்செட்டைக் கழுவிக்கொண்டிருக்கிறவர் எல்லோரும் அசைப்பார்கள். மறுநாள் காலை லோரீன் சலவையறைக்கு நடந்து போனாள். ஒரு கைகூட எழவில்லை. எதிர்மனை மேவிஸ், நேற்றுவரை சீட்டாட்டத்தில் இவளோடு ஜோடி சேர்ந்தவள், குனிந்து தன் வாசலில் அலங்காரத்துக்கு நட்ட பிளாஸ்டிக் கொக்கின் மூக்கைத் துடைத்தாள். நிலுவையில் இருப்பவருக்கு அசைப்பது ஒன்பதாம் விதியின் உட்பிரிவில் தடை செய்யப்பட்டிருந்தது.

வளாகத்தின் பின்வேலிக்கு அப்பால் இன்னொரு வரிசை இருப்பதை அன்றுதான் அவள் கவனித்தாள். தண்ணீர்க் குழாய் இல்லை, மரமில்லை, சிறிய பழைய டிரெய்லர்கள். கொடியில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. இரவு உடைகள், பூப்போட்ட சட்டைகள், உள்பாவாடைகள். ஆண் துணி ஒன்றுகூட இல்லை. ஏன் அப்படிப் பார்த்தோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

வியாழக்கிழமை, ஆளுக்கொரு பாத்திரம் சமைத்து வரும் பொது விருந்துக்கு முன்னால், வளர்ப்புப் பிராணிகள் குழு கூடியது. தலைவர் வெண்டெல் போஹானன். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பத்தோரு வருடம், கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லும் பிரிவில் இருந்தவர். வண்டி வரிசைகளை வழிநடத்திப் போகிறவரைப் போல, அவரை எல்லோரும் வண்டித் தலைவர் என்றுதான் அழைத்தார்கள். பெரிய பின் என்ஜின் வண்டி வைத்திருந்தார். அது நகர்ந்து ஆறு வருடமாகிறது.

"இங்க யாரையும் பொய் சொல்றீங்கன்னு நாங்க சொல்றதே இல்லை," என்று தொடங்கினார். "அதுக்காகத்தான் படிவம் வச்சிருக்கோம். நாய் இல்லைங்கறீங்க. சந்தோஷம். இல்லைன்னு ஒரு கால்நடை டாக்டர்கிட்ட சர்ட்டிஃபிகேட் வாங்கிட்டு வாங்க."

"எந்த டாக்டர் சார் அப்படி எழுதித் தருவார்?" என்றாள் லோரீன்.

"நாயைக் கொண்டு போனா எழுதித் தருவார்."

"நாயே இல்லையே!"

"பாருங்க மேடம், அதைத்தான் பரிசோதிக்கணும்ங்கறேன்." போஹானன் கைகளைக் கோத்துக்கொண்டார். முகத்தில் உண்மையான பரிவு இருந்தது. "நான் இந்த வளாகத்துக்கு வந்தப்ப இங்க அறுபது விதி. இப்ப இருநூத்திப் பன்னண்டு. எதுக்குன்னு நினைக்கறீங்க? மனுஷங்க மேல உள்ள அன்புதான். விதி இல்லாத இடத்துல ஒருத்தரை ஒருத்தர் நம்ப வேண்டியிருக்கு. வயசான காலத்துல அந்த பாரத்தை யார் மேலயும் ஏத்தக் கூடாது."

எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு புகார்கள் வாசிக்கப்பட்டன. ப்ரூயிட் தம்பதியின் அறைப் பக்கமிருந்து குரைப்புச் சத்தம், ஐந்து. ஐந்தாவதின் கீழே மேவிஸின் கையெழுத்து.

வெளியே வந்ததும் லோரீன் அவளை மறித்தாள். "மேவிஸ், நீ நாய்ச் சத்தம் கேட்டியா?"

மேவிஸ் சுற்றுமுற்றும் பார்த்தாள். கையில் கேரட் துருவல் போட்ட பச்சை ஜெல்லிப் பாத்திரம் இருந்தது. "கேட்டேன்னு எழுதலைடி. கேட்டிருக்கலாம்னுதான் எழுதினேன். அடுத்த மாசம் எனக்கு அனுமதி புதுப்பிக்கற நாள். காது சரியா இருக்குன்னு காட்ட வேண்டாமா?"

அன்று மாலை க்ளெண்டா அறைக்கே வந்தாள். ரகசியம் போலச் சொன்னாள்: "எதுக்கு மல்லுக்கட்டறீங்க? பேசாம நாயைப் பதிவு பண்ணிடுங்க. ஒரு பக்கம்தான். எல்லாரும் ஏதோ ஒண்ணு பண்ணிருக்காங்க."

"அதான் சரி," என்றான் டெல்மர். "ஒரு காகிதத்துக்காகத் தெருவுல நிக்க முடியுமா, கண்ணு?"

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவன் படிவத்தை நிரப்பினான். லோரீன் உருளைக்கிழங்கு உரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர்: ரஸ்டி. நிறம்: பழுப்பு, மார்பில் மட்டும் வெள்ளை. வயது: பதினொன்று. குணம் என்ற இடத்தில் அவன் யோசிக்கக்கூட இல்லை. இடி இடித்தால் பயப்படும், தனியாக விட்டால் சாப்பிடாது, பின்னங்கால் வலது இடுப்பில் வலி, படி இறங்க நேரமாகும், அவசரப்படுத்தக் கூடாது. இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினான்.

அவளைப் பற்றி இப்படி ஒரு படிவம் கொடுத்தால் எத்தனை வரி எழுதுவான் என்று அவள் எண்ணிப் பார்த்தாள். அவளுக்கும் வலது இடுப்பில்தான் வலி. நான்கு வருடமாக.

"டெல்மர், எனக்குக் கண்ணு என்ன நிறம்?"

"என்ன கேள்வி இது?" என்றான் அவன், தலையைத் தூக்காமல். "எடை என்ன போடலாம்? இருபத்தஞ்சு பவுண்டுக்குள்ள இருக்கணுமாம்."

எடை போடுவதற்குக் குழு நேரில் வந்தது. நான்கு பேர், ஒரு தராசு. போஹானன் "உக்காரு" என்று தராசைப் பார்த்து அதட்டினார். முள் பூஜ்யத்திலேயே நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"வரம்புக்குள்ள இருக்கு," என்றார். "நல்லா பழக்கியிருக்கீங்க. அசையவே இல்லை."

ரஸ்டிக்கு அனுமதி பதினான்காம் தேதி கிடைத்தது. அன்றைய தினத்திலிருந்து டெல்மர் காலையும் மாலையும் கடையில் வாங்கிய வெறும் நாய்வாரைப் பிடித்துக்கொண்டு, இடுப்பில் பிளாஸ்டிக் பை செருகி, புல்தரை ஓரமாக நடந்தான். முதல் நாள் வெட்கப்பட்டுக்கொண்டு போனான். நான்காம் நாள் சீக்கிரமே எழுந்து போனான். ஆறாம் நாள், வேலிக் கம்பத்தின் அருகே நின்று பொறுமையாகக் காத்திருந்ததை ஜன்னல் வழியாக லோரீன் பார்த்தாள். எதிரே வந்த கோல்ஃப் வண்டிகளில் கைகள் மறுபடி எழுந்தன. எல்லோரும் கொஞ்சம் கீழே பார்த்து அசைத்தார்கள்.

"வண்டியை வாங்கறதா வேண்டாமான்னு நாம இன்னும் முடிவு பண்ணலை," என்றாள் ஒரு நாள்.

"இவ்வளவு தூரம் வந்தப்புறமா?" என்று டெல்மர் அதிர்ந்தான். "ரஸ்டி இப்பதான் பழகியிருக்கான்."

அவன் சிரிப்பான் என்று காத்திருந்தாள். அவன் சிரிக்கவில்லை.

அனுமதிக் கடிதம் மார்ச் இருபத்தொன்பது அன்று வந்தது. அலுவலக மேசையில் அதை நீட்டியபோது க்ளெண்டா புன்னகை செய்தாள்.

*மனை 47. வண்டி ஒன்று. குடியிருப்போர் அதிகபட்சம் இருவர். ஒன்று: டெல்மர் ப்ரூயிட். இரண்டு: ரஸ்டி.* அடியில் சின்ன எழுத்தில்: *லோரீன் ப்ரூயிட், நிலுவை. பின் வரிசை, இடம் 12.*

லோரீன் இரண்டு முறை படித்தாள். "இதுல தப்பு இருக்கு."

"இல்லை மேடம். பதிவான உயிர் எதுவானாலும் குடியிருப்பவர்தான். நாயோட பதிவு பதினாலாம் தேதி முடிஞ்சிருச்சு. விண்ணப்பத்துல ஒட்டின உங்க படத்துல நீங்க கண்ணாடி போட்டிருந்தீங்க, திருப்பி அனுப்பினோம். உங்களுது பத்தொன்பதாம் தேதி. முன்னாடி வந்தவங்களுக்கு முன்னாடி."

"அப்போ நாயை எடுத்துடுங்க."

"எடுக்கலாமே. நாயை நீக்கணும்னா டாக்டரோட இறப்புச் சான்றிதழ் வேணும். அதுக்கு உடல் வேணும்." க்ளெண்டா ஒரு இழுப்பறையைத் திறந்தாள். "மனைவியை நிலுவைக்கு மாத்தறது சுலபம். முப்பத்தோராம் படிவம். வீட்டுக்காரர் கையெழுத்து ஒண்ணு போதும்." தாள் ஏற்கெனவே அச்சடித்திருந்தது. லோரீனின் பெயர் சரியான எழுத்துகளோடு இருந்தது. அவள் பெயரை வளாகத்தில் யாரும் பிழையில்லாமல் எழுதியது அதுதான் முதல் தடவை.

லோரீன் டெல்மரைப் பார்த்தாள். அவன் வாயைத் திறந்தான்.

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டான், க்ளெண்டாவிடம்.

"சாதாரணமா ஒரு வாரம்."

"ஒரு வாரம்தான், லோரீன்." அவன் சட்டைப் பையில் பேனாவைத் தேடினான். முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. களைப்பு மட்டுமே இருந்தது. "வேலிக்கு அந்தப் பக்கம்தானே. நான் தினமும் ரஸ்டியைக் கூட்டிட்டு அந்த ஓரமாத்தான் நடக்கறேன்."

முப்பத்தெட்டு வருடத்தில் அவனிடம் அவள் கேட்க நினைத்துக் கேட்காத எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பதில் வந்துவிட்டது போலிருந்தது. அழுகை வரவில்லை. உள்ளே எங்கேயோ ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு என்ஜின் நின்ற மாதிரி, எல்லாம் தெளிவாகக் கேட்டது: மின்விசிறி, க்ளெண்டாவின் சங்கிலி, காகிதத்தில் பேனா.

"நான் போய் வண்டியை வாங்கிட்டு வர்றேன்," என்றாள்.

"முடிவு பண்ணிட்டியா!" டெல்மர் முகம் மலர்ந்தது.

"பண்ணிட்டேன்."

ஹோரஸ் உரிமைப் பத்திரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டார்: "யார் பேரு எழுத?"

"என் பேரு மட்டும்."

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு எழுதினார். கொக்கியிலிருந்து நாய்வாரை எடுத்துத் தன் கையில் சுற்றிக்கொண்டார்.

"ஐனாவைப் போய்ப் பாத்தீங்களா, ஹோரஸ்?"

"நிலுவைல இருக்கறவங்களை மத்தவங்க பாக்கக் கூடாதுங்களே. விதி இருபத்தாறு." பிறகு, தரையைப் பார்த்தபடி: "பதினோரு மாசம். எனக்கும் ஒரு வாரம்னுதான் சொன்னாங்க."

அவள் காசோலையைக் கிழித்துக் கொடுத்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். சாவியைத் திருப்பியதும் நாய்க்கூண்டு உறுமியது. அப்பாவின் சோள லாரியின் அதே உறுமல். பிரேக்கை எடுத்தாள். நாற்பத்தேழாம் மனையின் சரளைக்கல் நொறுங்கியது. வழி நெடுக ஒரு கையும் எழவில்லை. முன்வாசல் பதிவானவர்களுக்கு மட்டும். நிலுவையில் உள்ளவர்கள் பின்வாசல் வழியாகத்தான் போக வேண்டும். பின்வாசல் பாதை அந்த வரிசையைத் தொட்டுக்கொண்டு போனது.

டிரெய்லர்களின் முன்னால் மடக்கு நாற்காலிகளில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். கைகள் மெல்ல உயர்ந்தன. வா என்கிறார்களா, போய்விடு என்கிறார்களா என்று தெரியவில்லை. பன்னிரண்டாம் இடம் காலியாக, பெருக்கித் தயாராக இருந்தது. பதினோராம் இடத்திலிருந்து மெலிந்த ஒருத்தி வண்டியை நோக்கி நடந்து வந்தாள். உதடுகள் அசைந்தன.

கண்ணாடியில் பின்னால் புழுதி எழுந்தது. போஹானனின் கோல்ஃப் வண்டி. பக்கத்தில் டெல்மர், பாதி எழுந்து நின்று, கையில் வெறும் வாரை ஆட்டிக்கொண்டு கத்திக்கொண்டு வந்தான். என்ன கத்துகிறான் என்று கேட்கவில்லை. கேட்டுவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கடைசியாக ஒரு தடவை. என்ஜினை அணைத்தாள்.

"லோரீன்!" என்றது டெல்மரின் குரல், மூச்சு வாங்க. அவள் இதயம் ஒரு தடவை துள்ளியது. "லோரீன்! நாயை இறக்கி விட்டுட்டுப் போ! அது என் பேர்ல இருக்கு!"

அவள் எழுந்தாள். நாய்க்கூண்டின் மேல் கை வைத்தாள், சூடாக இருந்தது. அதைச் சுற்றி வந்து பக்கவாட்டுக் கதவைத் திறந்தாள். மடக்குப் படி விரிந்து வெளியே இறங்கியது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதினொரு வயது, வலது இடுப்பில் வலி, அவசரப்படுத்தக் கூடாது.

மெலிந்த பெண் அதற்குள் படியருகே வந்துவிட்டிருந்தாள். கீழே பார்த்து, மரியாதையாக இரண்டடி ஒதுங்கி வழிவிட்டாள்.

"சத்தத்தை வச்சே எங்க வண்டின்னு தெரிஞ்சிடுச்சு," என்றாள். பிறகு, தரையில் நகரும் ஏதோ ஒன்றைக் கண்ணால் பின்தொடர்ந்தபடி: "நல்ல நாய். எங்களுதும் இப்படித்தான். இருக்கற இடமே தெரியாது."

பின்னால் டெல்மர் மண்டியிட்டு, வாரின் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தான். போஹானன் நேரம் குறித்துக்கொண்டார்.

நாய் இறங்கி, போய், வெகு நேரம் ஆன பிறகும் லோரீன் கதவை மூடவில்லை. ஐனாவைப் பார்த்தபடி நின்றாள்.